கென்டக்கி (அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து) 2024-25: புது கோச், புதுசா பன்னிரண்டு பேர். முதல் பார்வையில் என்ன தெரியுது?

வட்டக்கோடு | 31 அக்டோபர் 2024

பயிற்சி ஆட்டம் ரெண்டும் முடிஞ்சாச்சு. கென்டக்கி வெஸ்லியனோட 123-52, மினசோட்டா ஸ்டேட்டோட 98-67. மினசோட்டா ஸ்டேட் போன மார்ச்சில் டிவிஷன் 2 (கல்லூரி ஆட்டத்தோட ரெண்டாம் நிலை) பட்டம் ஜெயிச்ச அணி. அதனால ரெண்டாவது ஸ்கோருக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. இருந்தாலும் இப்போ பேச வேண்டியது ஸ்கோரைப் பத்தி இல்ல. யார் எங்கே நிக்கிறாங்க, பந்து யார் கை வழியா போகுது, அதுதான் விஷயம்.

இழைக்குப் புதுசா வர்றவங்களுக்காக நிலவரத்தைச் சொல்லிடறேன். 15 சீசன் கோச்சா இருந்த கலிபாரி ஏப்ரல்ல ஆர்கன்சாஸ் போயிட்டார். 1996-ல் பட்டம் ஜெயிச்ச கென்டக்கி அணியில கேப்டனா இருந்த மார்க் போப், பி.ஒய்.யூ. (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) கோச் வேலையை விட்டுட்டு இங்கே வந்தார். போன சீசன்ல ஆடின ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர் ஒருத்தர்கூட மிச்சமில்லை. ஷெப்பர்ட், டில்லிங்ஹாம், ரீவ்ஸ் என்.பி.ஏ. போயாச்சு. வாக்னர், தியேரோ, இவிசிச் மூணு பேரும் கலிபாரி பின்னாடியே போயிட்டாங்க. பிராட்ஷா ஒஹாயோ ஸ்டேட்ல, ஓன்யென்சோ கன்சாஸ் ஸ்டேட்ல.

வந்திருக்கிறவங்க: பாயிண்ட் கார்டு லமான்ட் பட்லர் (சான் டியேகோ ஸ்டேட்), கெர் கிரீசா (வெஸ்ட் வர்ஜீனியா, அதுக்கு முன்னாடி அரிசோனா). விங்ல ஜாக்சன் ராபின்சன் (பி.ஒய்.யூ.), ஒடேகா ஓவே (ஓக்லஹோமா), கோபி பிரேயா (டேட்டன்). நாலாம் இடத்துக்கு (பவர் ஃபார்வர்ட்) ஆண்ட்ரூ கார் (வேக் ஃபாரஸ்ட்), ஆன்ஸ்லி அல்மனோர் (ஃபேர்லி டிக்கின்சன்). சென்டர் அமாரி வில்லியம்ஸ் (டிரெக்செல்), பிரண்டன் கேரிசன் (ஓக்லஹோமா ஸ்டேட்). முதலாம் ஆண்டுப் பையன்கள் கோலின் சாண்ட்லர், டிராவிஸ் பெரி, ட்ரென்ட் நோவா.

ஏ.பி. செய்தி நிறுவனத்தோட தரவரிசைப் பட்டியல்ல 23-ஆம் இடம். நம்ம கான்ஃபரன்ஸான (அணிகள் சேர்ந்த லீக்) எஸ்.இ.சி.யோட செய்தியாளர்கள் 8-ஆம் இடம்னு கணிச்சிருக்காங்க. என் பார்வையில 8 ரொம்பக் குறைவு. பட்லர், ராபின்சன், கார், வில்லியம்ஸ், பிரேயா, கிரீசா ஆறு பேரும் அஞ்சாம் வருஷம் ஆடறவங்க. 2020-21 கோவிட் சீசனுக்காகக் கிடைச்ச கூடுதல் வருஷத்தை இப்போ பயன்படுத்துறாங்க. 19 வயசுப் பையன்களை வச்சு ஓட்டின கென்டக்கிக்கு இது அடியோட வேற மாதிரி அணி.

மூணுபாயிண்ட் | 31 அக்டோபர் 2024

வட்டக்கோடு அண்ணா, ஷூட்டிங்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பிரேயா போன வருஷம் டேட்டன்ல மூணு புள்ளி ஷாட் 201 எறிஞ்சு 100 போட்டார். 49.8 சதவீதம், நாட்டிலேயே முதலிடம். அவர் எறிஞ்சதுல பாதி உள்ளே போனா ஒரு எறிக்கு ஒன்றரை புள்ளி. ரிங் அடியில 60 சதவீதம் போடுற நல்ல ஃபினிஷருக்கே 1.2 தான் வரும். பதினைஞ்சடியில 38 சதவீதம் போடறவருக்கு 0.76. போப் ஏன் பதினைஞ்சடி ஷாட்டை அறவே ஒதுக்குறார்னு இந்தக் கணக்கிலேயே தெரியும்.

பி.ஒய்.யூ. போன சீசன்ல ஆட்டத்துக்கு 30-க்கு மேல மூணு புள்ளி எறிஞ்ச அணி. இங்கேயும் அதே அளவு போகும்னு நம்பறேன். 30 எறிஞ்சு 36 சதவீதம் போட்டாலே 32 புள்ளி அதிலிருந்தே வந்துடும். கோடு 22 அடி 1¾ அங்குலத்துல இருக்கு. பிரேயா, ராபின்சன், கிரீசா மூணு பேரும் அதுக்கு ரெண்டு மூணு அடி பின்னாடி நின்னே தயங்காம எறியறவங்க. அந்த ரெண்டடியால தடுக்கிற ஆளும் ரெண்டடி வெளியே வந்தாகணும், உள்ளே வெட்டி ஓடறவனுக்கு வழி கிடைக்கும்.

இன்னொண்ணு. போன வருஷ கென்டக்கியும் 40 சதவீதத்துக்கு மேல போட்ட அணிதான். அவங்க மார்ச் தேசியப் போட்டியில ஓக்லாண்டுகிட்ட 80-76 தோத்தது ஷூட்டிங்கால இல்ல. ஓக்லாண்டோட கோல்கி ஒருத்தரே மூணு புள்ளி ஷாட் பத்து போட்டார், அவரைக் கடைசி வரைக்கும் தடுக்க முடியலை. புது ரோஸ்டரை (ஆட்டக்காரர் பட்டியல்) தடுப்புப் பக்கத்துல இருந்துதான் முதல்ல பார்க்கணும்.

பலகையடி | 1 நவம்பர் 2024

தடுப்பாட்டத்துக்கு வரும் முன் அமாரி வில்லியம்ஸைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த அணி எதுவரை போகும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார்.

ஏழடி உயரம், இடது கைக்காரர், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வளர்ந்தவர். டிரெக்செலில் தொடர்ந்து மூன்று முறை அவருடைய கான்ஃபரன்ஸின் சிறந்த தடுப்பாட்டக்காரர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. போப் அவரிடம் கேட்பது வேறு: சென்டர் ரிங் அடியில் முதுகு காட்டி நிற்காமல், மூன்று புள்ளிக் கோட்டின் உச்சியில் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பி.ஒய்.யூ.வில் அலி கலீஃபா செய்த வேலை அது. கலீஃபாவுக்கு வெளியிலிருந்து எறியவும் வரும். வில்லியம்ஸுக்கு வராது. வெளி ஷாட் அறவே கிடையாது, ஃப்ரீ த்ரோவும் பலவீனம்.

இது ஏன் பெரிய விஷயம்? கல்லூரி ஆட்டத்தில் தடுப்பவருக்கு மூன்று வினாடி விதி கிடையாது. என்.பி.ஏ.வில் எதிரணி சென்டர் தன் ஆளை விட்டுவிட்டு ரிங் அடியிலேயே குடியிருந்தால் டெக்னிக்கல் ஃபவுல். இங்கே ஓர் அணி ஷாட் எறியக் கிடைக்கும் முழு 30 வினாடியும் அவர் அங்கேயே நிற்கலாம். லேனும் (ரிங் முன்னால் கோடு போட்ட பகுதி) 12 அடி அகலம்தான், என்.பி.ஏ. போல 16 அடி இல்லை. உச்சியில் நிற்கும் வில்லியம்ஸை யாரும் காவல் காக்காமல் விட்டால் உள்ளே ஓடும் ஓவேக்கும் பட்லருக்கும் ரிங் முன்னால் ஒரு சுவர் எழும்பிவிடும். பட்லரின் வெளி ஷாட்டும் நம்பும்படி இல்லை. ஐந்து பேரில் இரண்டு பேரை விட்டுவிட்டுத் தடுக்கலாம் என்று எதிரணி கோச் முடிவெடுத்தால் என்ன செய்வது?

வட்டக்கோடு | 1 நவம்பர் 2024

நல்ல கேள்வி பலகையடி சார். அந்தச் சுவருக்கு மருந்து ஹேண்ட் ஆஃப்தான், அதாவது பந்தை எறியாம கைக்குக் கை கொடுக்கறது. படிப்படியா சொல்றேன்.

பந்து உச்சியில வில்லியம்ஸ் கையில. மூலையில நிக்கிற பிரேயா, விங்ல நிக்கிறவர் போடற ஸ்கிரீனை (துரத்தறவனை உடம்பால மறிச்சு நிக்கறது) உரசிக்கிட்டு மேலே ஓடி வர்றார். நேரா வில்லியம்ஸ்கிட்ட வந்து பந்தைக் கையிலிருந்தே வாங்கறார். வில்லியம்ஸோட ஆள் ரிங் அடியில நிக்கறதால, பிரேயா பந்து வாங்கற இடத்துல அவர் மேல பாய ரெண்டாவது ஆளே கிடையாது. துரத்தி வர்றவன் வில்லியம்ஸோட உடம்பைச் சுத்தி வரணும். அவ்வளவு நேரம் பிரேயாவுக்குப் போதும். அதாவது அவங்க கட்டற சுவரே நம்ம ஷூட்டருக்கு வழி விடுது.

துரத்தறவன் இதைப் பழகிட்டு முன்கூட்டியே மேல்பக்கம் வந்து மறிச்சா, பிரேயா பாதியிலேயே திரும்பி ரிங் பக்கம் வெட்டி ஓடணும். பவுன்ஸ் பாஸ் அங்கே வரும். இடது கைக்காரர் அந்தப் பாஸைக் கொடுக்கற கோணம் வலது கைக்காரங்களைத் தடுத்தே பழகினவங்களுக்குச் சங்கடம்தான்.

தப்பு நடக்கற இடம் மூணு. ஒண்ணு, வில்லியம்ஸ் டிரிபிளைச் சீக்கிரம் முடிச்சுடக் கூடாது. முடிச்சுட்டு நின்னா, 6 அடிக்குள்ள ஆள் வந்து நெருக்கும்போது 5 வினாடி எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டு, கையிலிருந்து கைக்கு இடைவெளியே இருக்கக் கூடாது. ஒரு அடி தள்ளி டாஸ் மாதிரி போட்டா நல்ல கார்டு கையை விட்டுத் தட்டிட்டு ஓடிடுவான், எதிர்ப்பக்கம் ஆளில்லாத லேஅப். மூணாவதுதான் அடிக்கடி நடக்கிறது: பந்தைக் கொடுத்த கையோட இடுப்பை நகர்த்தி துரத்தறவனை இடிக்கறது. நகரும் ஸ்கிரீன்னு விசில் வரும். பந்தும் போகும், சென்டர் பேர்ல ஒரு ஃபவுலும் ஏறும்.

இடதுகை | 2 நவம்பர் 2024

அந்த மூணாவது தப்புதான் எனக்கு பயம். நிஜமான சென்டர் ரெண்டே பேர்தான். முதல் பாதியில வில்லியம்ஸுக்கு ரெண்டு ஃபவுல் விழுந்தா கேரிசன் வரணும். அவர் ரெண்டாம் வருஷம்தான். துடிப்பு இருக்கு, பாஸும் வரும். ஆனா ஓக்லஹோமா ஸ்டேட்ல ஒரே ஒரு சீசன் ஆடின அனுபவம். அவருக்கும் ரெண்டு விழுந்தா 6 அடி 11 அங்குல காரை சென்டரா நிறுத்தி, அல்மனோரை நாலாம் இடத்துல விடணும்.

அப்படி நின்னா அஞ்சு பேருமே ஷூட்டர். எதிரணி சென்டர் வெளியே வந்தே ஆகணும். பார்க்கக் கண்ணுக்கு விருந்துதான். ஆனா ரீபவுண்ட் போயிடும். எதிரணி தன் தவறின ஷாட்டைத் தானே எடுத்தா ஷாட் கிளாக் மறுபடி 20 வினாடி. ஒரு பொசெஷன்ல அம்பது வினாடி தடுத்துக்கிட்டு நிக்கற நிலைமை வரும். நாலஞ்சு நிமிஷத்துக்கு மேல அந்தக் கூட்டணி தாங்காதுன்னு நினைக்கிறேன்.

அல்மனோரைச் சாதாரணமா நினைக்க வேண்டாம். 2023 தேசியப் போட்டியில 16-ஆம் சீடா (தரவரிசை இடம்) வந்து முதல் சீடு பர்டூவை வீழ்த்தின ஃபேர்லி டிக்கின்சன் அணியில இருந்தவர். போன சீசன்ல ஆட்டத்துக்கு 16.4 புள்ளி. எஸ்.இ.சி. உடம்புகளுக்கு எதிரா அவர் காலால் ஈடு கொடுப்பாரா என்பதுதான் சந்தேகம்.

பலகையடி | 2 நவம்பர் 2024

வட்டக்கோடு சொன்ன ஹேண்ட் ஆஃப் விளக்கம் சரி. ஆனால் அது பிரேயாவோ ராபின்சனோ வாங்கும்போதுதான் பலிக்கும். பட்லர் வாங்கினால் துரத்துபவர் ஸ்கிரீனுக்கு அடியில் புகுந்து எதிரே வந்து நின்றுவிடுவார். எனவே வில்லியம்ஸும் பட்லரும் சேர்ந்து நிற்கும்போது மற்ற மூவரும் ஷூட்டர்களாக இருப்பது கட்டாயம். ஓவே அந்த மூவரில் சேர்த்தி இல்லை. ஓக்லஹோமாவில் அவர் எறிந்த மூன்று புள்ளிகளின் எண்ணிக்கையே குறைவு. பட்லர், ஓவே, வில்லியம்ஸ் மூவரும் ஒன்றாகத் தொடங்கினால், ஆரம்ப நிமிடங்களில் உள்வழி அடைபட்டுத்தான் இருக்கும்.

அப்படியும் அவர்களைச் சேர்த்தே தொடங்குவார்கள் என்று தோன்றுகிறது. காரணம் தடுப்பாட்டம். பட்லர் போன சீசனில் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2023 ஃபைனல் ஃபோரில் ஃப்ளோரிடா அட்லான்டிக்குக்கு எதிராகக் கடைசி நொடியில் போட்ட ஷாட்டுக்காகத்தான் பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அணிக்கு அவர் தரப்போவது அதுவல்ல, பந்தை அரைக்கோடு தாண்டும் முன்பே நெருக்கும் அந்தக் கால்கள். எதிரணி தன் ஆட்டத்தைத் தொடங்கவே எட்டு வினாடி எடுத்துக்கொண்டால், 30-இல் மிச்சம் 22தான்.

மூணுபாயிண்ட் | 3 நவம்பர் 2024

தடுப்புல ஓவேயை விட்டுட்டீங்களே சார். பாஸ் போற வழியில பாயறதுல அவர் கெட்டிக்காரர். எடுத்தா எதிர்ப்பக்கம் டங்க்தான். எடுக்க முடியாம போனா பின்னாடி நாலு பேர் அஞ்சு பேரைத் தடுக்கணும். அந்தத் துணிச்சலுக்கு வில்லியம்ஸ் ரிங் அடியில இருக்கறது காப்பீடு. அதனால ஓவேயோட நிமிஷங்களை வில்லியம்ஸ் நிமிஷங்களோட கட்டி வைக்கணும். கேரிசன் வரும்போது ஓவே கொஞ்சம் அடங்கி ஆடணும்.

கவலை பிரேயாவும் கிரீசாவும் ஒண்ணா நிக்கும்போதுதான். ரெண்டு பேருக்கும் பக்கவாட்டுக் கால் மெதுவு. எதிரணி கோச் அவங்க ரெண்டு பேரையும் தேடித் தேடி ஸ்கிரீன்ல இழுப்பார். நல்ல கார்டு பிரேயாவைத் தாண்டினா உதவிக்கு மூலையில இருந்து ஆள் வரணும், மூலையில ஷாட் திறக்கும். ஓக்லாண்டு ஆட்டத்தோட காயம் அதுதானே. ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் பெஞ்சுலன்னு மாத்தி மாத்தி வைக்கறதே நல்லது.

கிரீசா பாஸ்ல ரொம்பத் துணிச்சல். எஸ்டோனியாக்காரர், அரிசோனாவில் மூணு சீசன் வேகமான ஆட்டத்துல பழகினவர். அவர் வந்தா ஆட்டம் சட்டுனு சூடு பிடிக்கும், டர்ன்ஓவரும் (பந்தைப் பறிகொடுக்கறது) ஏறும். முன்னிலையில இருக்கும்போது கடைசி நாலு நிமிஷத்துக்குப் பந்து பட்லர் கையில இருக்கட்டும்.

ஆறாவதுஆள் | 3 நவம்பர் 2024

முதலாம் ஆண்டுப் பையன்களைப் பத்தி யாரும் பேசலையே. பெரிக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? உள்ளூர்ப் பிள்ளை, நம்ம சொந்த மைதானம் ரப் அரங்கமே எழுந்து நிக்குமே.

வட்டக்கோடு | 3 நவம்பர் 2024

தம்பி, பெரி மேல எல்லாருக்கும் பாசம் இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு. லயன் கவுண்டி பள்ளிக்காக 5,481 புள்ளி. கென்டக்கி மாநிலப் பையன்கள் வரலாற்றுலேயே அதிகம். "கிங்" கெல்லி கோல்மன் 1956-ல் 4,337-ல் விட்டுட்டுப் போன சாதனையை அத்தனை வருஷம் கழிச்சு இவர்தான் தாண்டினார். ஹார்லன் கவுண்டியோட நோவாவும் இவரும் போன மார்ச்சில் மாநில இறுதி ஆட்டத்துல எதிரெதிரா நின்னவங்க, அதுவும் அதே ரப் அரங்கத்துல.

ஆனா இந்த வருஷம் பட்லர், கிரீசா ரெண்டு பேரும் நல்லா இருக்கற வரைக்கும் பெரிக்கு மிச்சம் ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். சாண்ட்லர் நிலைமை வேற. 2022-லேயே பள்ளி முடிச்சவர், ரெண்டு வருஷம் மதப்பணிக்குப் போயிட்டு இப்போதான் திரும்பியிருக்கார். மூணு பேர்ல உடல் திறமை அவருக்குத்தான் அதிகம். ஆனா ரெண்டு வருஷம் போட்டி ஆட்டமே இல்லாதவருக்கு முதல்ல திரும்பி வர்றது எகிறல், அப்புறம் ஷாட், கடைசியிலதான் முடிவெடுக்கற வேகம். ஜனவரிக்கு முன்னாடி அவரை வச்சு எந்தத் தீர்ப்பும் சொல்லாதீங்க. மூணு பேர்ல ஒருத்தரை ரெட்ஷர்ட் பண்ணி, ஒரு வருஷம் ஆடாம வச்சு, நாலு சீசனையும் மிச்சம் பிடிக்கலாம். எண்ணிக்கை அதுக்கு இடம் தராது. கார்டு ஒருத்தருக்குக் கணுக்கால் பிசகினாலே இவங்கதான் இறங்கணும்.

இடதுகை | 5 நவம்பர் 2024

ரைட் ஸ்டேட்டோட 103-62. சரி, தொடக்கம் நல்லபடியா ஆச்சு. நிமிஷக் கணக்கு போட்டுப் பார்ப்போமா? 40 நிமிஷம், அஞ்சு பேர், மொத்தம் 200. நெருக்கமான ஆட்டத்துல நான் பிரிக்கறது இப்படி: பட்லர் 28, ராபின்சன் 28, கார் 27, ஓவே 25, பிரேயா 24, வில்லியம்ஸ் 23, கிரீசா 17, கேரிசன் 16, அல்மனோர் 8, பையன்கள் மூணு பேருக்கும் சேர்த்து 4.

பலகையடி | 5 நவம்பர் 2024

ஏறக்குறைய ஒத்துக்கொள்கிறேன். ராபின்சன் பற்றி மட்டும் ஒரு சொல். பி.ஒய்.யூ.வில் 14.2 புள்ளி எடுத்தும் பெஞ்சிலிருந்து வந்தவர், பிக் 12 கான்ஃபரன்ஸின் சிறந்த ஆறாவது ஆள் விருது பெற்றவர். போப்பின் ஆட்டமுறை முழுவதும் தெரிந்த ஒரே மூத்த வீரர் இவர்தான். மற்றவர்கள் யோசித்துச் செய்வதை இவர் பழக்கத்தில் செய்வார். அதனால் பிரேயா பெஞ்சிலிருந்து வருவது பொருத்தம். அவரும் டேட்டனில் ஆறாவது ஆளாக விருது வாங்கியவர், அந்த வேலை அவருக்குப் புதிதில்லை. ஆறு நிமிடம் ஆனதும் ஓவேக்குப் பதில் பிரேயா இறங்கும்போது, வில்லியம்ஸின் ஆள் ரிங் அடியை விட்டு வருவாரா மாட்டாரா என்பது அப்போதே தெரிந்துவிடும். நம் இழையில் நான்கு நாட்களாக ஓடும் வாதத்துக்கும் அதுதான் சோதனை.

காரைப் பற்றி எல்லோரும் சுருக்கமாகக் கடந்துவிட்டோம். டெலவேரிலும் வேக் ஃபாரஸ்டிலும் இரண்டிரண்டு சீசன் ஆடியவர். மூலையிலிருந்து ஷாட், சிறியவன் மாட்டினால் முதுகு காட்டி உள்ளே தள்ளுவது, பெரியவன் மாட்டினால் போலி எறி காட்டித் தாண்டுவது, மூன்றும் வரும். யாரை வைத்துத் தடுப்பது என்று எதிரணி குழம்பப்போவது இவரிடம்தான்.

மூணுபாயிண்ட் | 10 நவம்பர் 2024

பக்னெலோட 100-72. ரெண்டு ஆட்டத்துலயும் நூறு. ஆனா 72 கொடுத்தது எனக்கு உறுத்துது. இந்தத் தரத்து அணிக்கு 60 தாண்டக் கூடாது. இனிமேல்தான் நிஜமான பரீட்சை: 12-ஆம் தேதி அட்லாண்டாவில் டியூக். அதுக்கப்புறம் டிசம்பர் 3 கிளெம்சன், 7 சியாட்டிலில் கொன்சாகா, 14 லூயிவில், 21 நியூயார்க்கில் ஒஹாயோ ஸ்டேட். டியூக்கோட ஃபிளாக்கை யார் பிடிப்பாங்க?

வட்டக்கோடு | 10 நவம்பர் 2024

ஃபிளாக் 6 அடி 9. தொடக்கத்துல காரைத்தான் நிறுத்துவாங்க. உயரம் சரியா இருக்கும், முதல் அடி வேகம்தான் இடிக்கும். கடைசி நிமிஷங்கள்ல ஓவேயை அவர் மேல விடணும்னு சொல்வேன். ஓவே உயரத்துல குறைவு, ஆனா ஃபிளாக் பந்தைத் தட்டிக்கிட்டே உள்ளே வரும்போது பந்து கீழே இருக்கு, ஓவேயோட கையும் அங்கேதான் இருக்கும். ஃபிளாக்குக்கு இன்னும் 18 வயசு ஆகலை. 38-ஆவது நிமிஷத்துல களைச்ச காலோட அவரையே முடிவெடுக்க வைக்கறதுதான் நம்ம அஞ்சாம் வருஷக்காரங்களோட பலம்.

அதைவிட முக்கியம் டியூக் சென்டர் மலுவாச். 7 அடி 2. பலகையடி சார் பயப்படற சுவருக்கு இதைவிடப் பெரிய செங்கல் கிடையாது. அவர் ரிங் அடியிலேயே நின்னா முதல் பத்து நிமிஷம் ஓவே, பட்லர் ஷாட்டுகள் தட்டிவிடப்படும். அப்போ பதறக் கூடாது. வில்லியம்ஸை உச்சியில இருந்து இன்னும் ரெண்டடி பக்கவாட்டுக்கு நகர்த்தி, பிரேயாவையும் ராபின்சனையும் அடுத்தடுத்து ஹேண்ட் ஆஃபுக்கு அனுப்பணும். மூணு புள்ளி ஷாட் ரெண்டு விழுந்தாப் போதும், டியூக் கோச் ஷையர் அவரை மேலே ஏறி நிக்கச் சொல்லியே ஆகணும். ஏறினா முதுகுக்குப் பின்னாடி வெட்டு.

ஆறாவதுஆள் | 10 நவம்பர் 2024

இந்திய நேரத்துக்கு எப்போ அண்ணா?

வட்டக்கோடு | 10 நவம்பர் 2024

13-ஆம் தேதி புதன்கிழமை காலையில தம்பி. முதல்ல கன்சாஸ், மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம் முடியணும், அதுக்கப்புறம்தான் நம்மது. முதல் ஆறு நிமிஷத்தை விட்டுடாதே. மலுவாச் எந்த இடத்துல நிக்கிறார்னு மட்டும் பார்த்து இங்கே எழுது.